முன்னாள் எம்பிக்குக் கார் பழக்கிய காலம்

மன்னார்ப் பட்டினத்தில் நான் சாரதிப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய புதிதில், எனக்கு முதன்முதலாக விளம்பரம் செய்து தந்தவர் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர். அவர் அப்படி நினைத்துச் செய்யவில்லை. சபையில் கலாசாரம் மாறிப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டு போனவர், இடையில் மன்னாருக்கு இறங்கி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெண் கடை திறந்து குடும்பப் பெண்களுக்கு வாகனம் ஓட்டப் பழக்குகிறாள் என்றும், இப்படியே போனால் வீட்டில் அடுப்பு எரியாது, வீதியில் எஞ்சின்தான் எரியும் என்றும் சொல்லிவிட்டார். பத்திரிகை அதைப் படத்தோடு போட்டது. படம் அவருடையது, விலாசம் என்னுடையது.

அதுவரை என்னிடம் பழக வந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்குச் சாரதி வேலைக்குப் போக நினைத்த பெடியன்கள். பெண்கள் வருவதே குறைவு. அந்தப் பேச்சு வெளிவந்த பிறகு, இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாமல் இருந்த பெண்கள் பேசாலையிலிருந்தும் முருங்கனிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். "எம்பி சொன்ன இடம் இதுதானே?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. நான் அந்தச் செய்தியை வெட்டி, என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்தவள். அங்கே தேங்காய் ஏற்றும் வான் ஒன்றில் ஓடப் பழகினேன். ஊருக்குத் திரும்பி வந்து ஓலைத்தொடுவாயில் கடலுக்குப் போகிற ஒருவரைக் கட்டினேன். கரைக்கு வந்த மீனைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு பழைய வான் வாங்கினோம். அதை நான் ஓட்டியதைப் பார்த்துச் சில பெண்கள் கேட்டார்கள்; அப்படித்தான் இந்தத் தொழில் தொடங்கியது. முகாமில் வளர்ந்ததால் என் பேச்சில் இந்தியச் சொற்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது பின்னால் எனக்குப் பெரிய தலையிடியாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

எம்பி ஒரு பழமைவாதி. மற்றவர்கள் சொல்ல முன்னம் அவரே அதைச் சொல்லிவிடுவார். எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. அவருக்குமே அதில் பெரிய அக்கறை இருக்கவில்லை. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, பாதிரியாராவதற்குச் சில காலம் குருமடத்தில் படித்து, அங்கிருந்து வெளியேறி, காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். குருமடத்தை விட்டு ஏன் வந்தார் என்று கேட்டால், "அங்க பூசையைச் சுருக்கத் தொடங்கிட்டாங்கள்" என்பார். அது பகிடியா உண்மையா என்று ஒருவருக்கும் தெரியாது. யுத்த காலத்தில் சனம் இடம்பெயர்ந்து காட்டோரக் கொட்டில்களில் கிடந்தபோது, அரிசி பங்கிட்டுக் கொடுக்கிற பொறுப்பு அவர் கையில் இருந்தது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, யார் வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று தடியோடு நின்றாராம். தன் சொந்தத் தமையன் குறுக்கே வந்து நின்றபோது அவரையும் கடைசிக்கு அனுப்பினாராம். சனம் அவரைத் திட்டியது. ஆனால் அந்த அரிசியில் ஒரு சுண்டு அளவும் பிசகவில்லை. பிறகு வந்த தேர்தலில் விழுந்த வாக்குகளில் பாதிக்குமேல் அந்த வரிசைக்கு விழுந்தவை.

சபைக்குப் போன பிறகு அவர் கொண்டுவந்தது என்று சொல்ல அதிகம் இல்லை. வராமல் தடுத்தவை நிறைய. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வரவிருந்த சாராயத் தவறணையைத் தடுத்தார். அதற்காகத் தாய்மார் இன்றைக்கும் அவரைக் கும்பிடுகிறார்கள். பெரியமடுப் பக்கம் போகிற பஸ்ஸின் நேரத்தை யாரோ ஒரு புதிய அதிகாரி மாற்றப் பார்த்தபோது, பழைய நேரம்தான் வேண்டும் என்று கந்தோர் கந்தோராக ஏறி வென்றார். திருவிழாவில் மின்னுகிற விளக்கு மேடையைத் தடுத்தார். நீச்சல் குளத்தைத் தடுத்தார். கடைத்தெருவை ஒருவழிப் பாதையாக்கும் திட்டத்தையும் தடுத்தார். இவ்வளவும் செய்தவர் அடுத்த தேர்தலில் தோற்றார். தோற்றதும் அரசாங்க வாகனம் போயிற்று, சாரதி போனார், வீட்டு வாசலில் இருந்த பெயர்ப்பலகையில் "பாராளுமன்ற உறுப்பினர்" என்பதற்கு முன்னால் "முன்னாள்" என்று எழுத வேண்டியதாயிற்று. இடம் போதாமல், அந்தச் சொல்லை மிகச் சின்ன எழுத்தில் எழுதுவித்தார். வீதியில் போகிறவர்களுக்கு அது தெரியாது.

அந்தச் சமயத்தில் ஒரு காலை, ஒரு அக்கா என் பள்ளிக்கு வந்தா. கட்டையான உருவம், பருத்திச் சீலை, கையில் சந்தைப் பை. பைக்குள் பார்த்தால் அடையாள அட்டைப் பிரதியும் வைத்தியச் சான்றிதழும் ஒழுங்காக மடித்து இருந்தன.

"தங்கச்சி, எனக்குக் கார் பழகோணும். என்ர மனிசனுக்குத் தெரியக்கூடாது."

"அவர் ஆர் அக்கா?"

அவ நிமிர்ந்து என் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினா.

அவ கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"அவர் கதைச்சது எனக்குத் தெரியும். அந்தப் பேச்சை ரைப் பண்ணிக் குடுத்ததே நான்தான். கச்சேரிக் கந்தோரில ரைப்பிஸ்டா இருந்தனான். கருத்து அவற்ற, எழுத்து என்ர."

"ரைப் பண்ணேக்க ஒண்டும் தோணேல்லையா அக்கா?"

"தோணினது. விலாசம் நல்லாத் தெளிவா இருக்கட்டும் எண்டு தோணினது."

அவவுக்கு ஒரு தங்கை பெரியமடுவில் இருக்கிறா. அவர் எம்பியாக இருந்த காலம் முழுக்க வாசலில் வாகனம் நின்றது. ஆனால் அது மக்களின் வாகனம், மச்சாளைப் பார்க்கப் போவதற்கு இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அதில் அவர் சரியாகத்தான் இருந்தார் என்று அக்காவே ஒத்துக்கொண்டா. இப்போது வீட்டில் அவர்களுடைய சொந்தக் கார் ஒன்று படங்கு மூடிக் கிடந்தது. ஓட ஆள் இல்லை.

அவர் காலைப் பூசைக்குப் போய், பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேரோடு நாட்டு நடப்புப் பேசித் திரும்புகிற நேரம்தான் அக்காவின் வகுப்பு நேரம். காற்றாலைகளின் கீழே கரையோரமாக ஓலைத்தொடுவாய்ப் பக்கம் போகிற வீதியில் அவவைப் பழக்கினேன். அங்கே வாகனம் குறைவு. அக்கா கெட்டிக்காரி. மற்றவர்கள் கிளச்சை விடப் பழகவே நாள் எடுப்பார்கள். கார் குதித்துக் குதித்து நின்று போகும். அவவின் கையில் அது ஒருமுறையும் நிற்கவில்லை.

"எப்பிடியக்கா இவ்வளவு கெதியாப் பிடிபட்டது?"

"அவரோட குடும்பம் நடத்தினவளுக்கு இது பெரிய வேலையே தங்கச்சி? மெல்ல மெல்ல விடோணும். ஒரேயடியா விட்டா நிண்டு போகும்."

இப்படி அவ இரண்டாவது மூன்றாவது கியருக்கு ஏறிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மத்தியானம், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட உயரமான மனிதர் ஒருவர் என் வாசலில் வந்து நின்றார். வாழ்நாள் முழுக்க வெள்ளை வேட்டியில் பார்த்த மனிதரைக் காற்சட்டையில் பார்த்தால் அடையாளம் தெரியாது என்று அவர் நம்பியிருந்தார். பக்கத்துக் கடைக்காரர் எழுந்து நின்று, "வாங்கோ எம்பி ஐயா" என்றார்.

அவர் அதைக் கேளாதவர்போல உள்ளே வந்தார். வந்தவருடைய கண் நேரே சுவருக்குப் போயிற்று. நான் அந்தச் செய்தித்தாளைக் கிழித்து ஒளித்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அவர் கண்ணாடியைக் கழற்றி, தன் பேச்சை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். நான் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றேன். வாசித்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, ஒரு சொல்லில் விடுபட்டிருந்த ஒற்றெழுத்தைப் போட்டார்.

"பேப்பர்காரன் பிழையா அடிச்சிட்டான்," என்றார். பிறகு கதிரையில் இருந்தார். "பிள்ளை, எனக்குச் சாரத்தியம் பழகோணும். வீட்டில தெரியக்கூடாது."

அந்த இடத்தில் நான் இருமினேன். இருமல் இல்லை அது.

அவரிடம் நான் நேராகவே கேட்டேன், "ஐயா, பொம்பிளையள் பழக்கிறது பிழை எண்டு சொன்னனீங்கள்."

"பொம்பிளையள் பழகிறதைப் பற்றித்தான் கதைச்சனான். பழக்கிறது பிழை எண்டு ஒரு இடத்திலயும் சொல்லேல்ல. வாசிச்சுப் பாரும்." வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒற்றெழுத்து உட்பட எல்லாம் சரியாக இருந்தது.

அவர் வகுப்புக்குத் தேர்ந்தெடுத்த நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அக்கா கண் அயர்கிற நேரம். காலையில் மனைவி, மத்தியானம் கணவர். என் பள்ளியின் ஒரே கார், ஒரே வீதி. இருவரும் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் வருகிறார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். இரண்டு பேரும் வாய்விட்டு என்னிடம் கேட்டது ஒரே விஷயம்தான். எனவே ஒருவருக்குக் கொடுத்த வாக்கை மற்றவருக்காக மீற எனக்கு வழி இருக்கவில்லை. கேட்கிறவர்களிடம் இப்படித்தான் சொல்கிறேன். உண்மையில் எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அவர் வலையைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்.

முதல் சிக்கல் சீட்டில் வந்தது. அக்காவுக்குச் சீட்டை முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். அவர் ஏறினால் முழங்கால் ஸ்ரேறிங்கில் முட்டும்.

"ஆர் இதை இவ்வளவு முன்னுக்கு இழுத்தது?"

"காலமை ஒரு ரீச்சர் வாறவ ஐயா. கட்டை."

"பொம்பிளையோ?"

"ஓம் ஐயா."

"குடும்பப் பொம்பிளையோ?"

"நல்ல குடும்பம் ஐயா."

"அதின்ர புருசன் என்ன செய்யிறான்?"

"வீட்டில இருக்கிறார். முந்தி நல்ல வேலையில இருந்தவர்."

அவர் தலையை ஆட்டினார். "அவன் கண்டிக்கோணும்," என்றார்.

இரண்டாவது சிக்கல் தமிழில் வந்தது. முதல் நாள் நான் வாயைத் திறந்து, "வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொன்னதுதான் தாமதம், அவர் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். வண்டி என்பது மாடு இழுப்பது, இது வாகனம். ஆமாம் என்று சொல்லக் கூடாது, ஓம் என்று சொல்ல வேண்டும். பெடல்களுக்கு ஆங்கிலப் பெயர் வேண்டாம். அன்றைக்கு நாங்கள் ஓடவே இல்லை. அவர் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். கிளச்சுக்குப் "பிடிமிதி", பிரேக்குக்கு "நிறுத்துமிதி", அக்சிலறேற்றருக்கு "விரைமிதி". எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துச் சரிபார்த்தார்.

அடுத்த வகுப்பில், வீதி வளைகிற இடத்தில் ஒருவர் சைக்கிளில் கருவாட்டு மூட்டை கட்டிக்கொண்டு குறுக்கே வந்தார். எம்பி நேரே போய்க்கொண்டிருந்தார். எனக்கு அந்த நேரத்தில் சொல்லின் முன்பாதி வரவில்லை.

"மிதி! மிதி!" என்று கத்தினேன்.

அவரும் மிதித்தார். விரைமிதியை.

சைக்கிள்காரர் மூட்டையோடு ஒரு பக்கம் பாய்ந்தார். கார் அவரை விட்டு விலகி, வீதியை விட்டு இறங்கி, ஒரு வீட்டின் பனையோலை வேலிக்குள் பாதி உடம்பு நுழைந்து நின்றது. என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தபடியால் பாதியோடு நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், எங்கள் காரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே இருந்த முகத்தைப் பார்த்தாள். "எம்பி ஐயாவா? வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றாள். அவர் காருக்குள் இருந்தபடியே தேர்தல் காலத்துப் பழக்கத்தில் இரண்டு கைகளையும் கூப்பினார். வேலியை மறுநாள் தன் ஆட்களைக் கொண்டு கட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு நான் பிரேக் என்று சொன்னால் அவர் திருத்தவில்லை.

அவர் மோசமான மாணவர் இல்லை, பிடிவாதமான மாணவர். வீதி ஒழுங்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். எழுத்துப் பரீட்சையில் ஒரு கேள்விகூடப் பிழைக்கவில்லை. ஆளில்லாத வீதியிலும் சிக்னல் போட்டுத்தான் திரும்புவார். ஆனால் கியரை மாற்ற மனம் வராது. ஒன்றாம் கியரிலேயே எஞ்சின் அலறஅலறப் போவார். "நல்லாத்தானே போகுது, ஏன் மாத்துவான்?" என்பார். பின்னுக்கு எடுப்பது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்பதுபோல நேரே முன்னுக்குப் பார்த்துக்கொண்டு பின்னுக்கு எடுப்பார்.

அந்த ஒன்றாம் கியர் வேகத்தில்தான் அவருடைய கதைகளை எல்லாம் நான் கேட்டேன். முதல் நாள் சபையில் கதிரையில் இருக்கப் போனபோது அது சுழலும் என்று தெரியாமல் சபாநாயகருக்கு முதுகைக் காட்டி இருந்தது, கன்னிப்பேச்சுக்கு எழுந்தபோது சபையில் ஆட்கள் சாப்பிடப் போய்விட்டது, இருந்தவர்களில் ஒருவர் நித்திரை கொண்டது எல்லாவற்றையும் கோபமில்லாமல் சொல்வார். "நித்திரை கொண்டவர்தான் பிறகு கைதட்டினவர்," என்பார். நான் சிரித்தால் அவரும் சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொள்வார்.

பட்டினத்துக்குள் ஓடாமல் பரீட்சைக்குப் போக முடியாது என்பதால், ஒருநாள் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனேன். இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் இரண்டு பக்கமிருந்தும் வருகிற வாகனங்கள். பாதித் தெருவில் எங்களுக்கு முன்னால் ஐஸ் பெட்டி ஏற்றிய மீன் லொறி ஒன்று வந்து நின்றது. எங்களுக்குப் பின்னால் இடம் இருந்தது. லொறிக்குப் பின்னால் ஒரு பஸ். நாங்கள்தான் பின்னுக்கு எடுக்க வேண்டும்.

அவர் எடுக்கவில்லை. லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். பிறகு இறங்கி வந்தார். வெள்ளாங்குளத்துப் பக்கத்து ஆள். தொப்பிக்குக் கீழே இருந்த எம்பியின் முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"அண்ணை, பழகிறனீங்கள் எண்டு போர்ட் சொல்லுது. உங்களில பிழையில்ல. இந்த றோட்டை ஒருவழியாக்க விடாமக் கெடுத்தானே ஒரு எம்பி, அவனைச் சொல்லோணும்."

எம்பி ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி நிதானமாகக் கேட்டார்:

"அவர் ஏன் தடுத்தவராம்?"

"ஆருக்குத் தெரியும்? அவன் காலத்தில கார் இருந்திருக்காது."

"கடைக்காரர் வந்து கேட்டவை, தம்பி. ஒருவழியாக்கினா ஒரு பக்கத்துக் கடையளுக்குச் சனம் வராது எண்டு அழுதவை."

"அண்ணைக்கு அவரைத் தெரியுமோ?"

"கொஞ்சம்," என்றார்.

லொறிக்காரர் தானே வழிகாட்டி நின்று, கையைக் காட்டிக் காட்டி எங்களைப் பின்னுக்கு எடுக்க வைத்தார். எம்பி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்து எடுத்தார். சந்திக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்த வேண்டியவர் அவர்தான் என்பது பிறகு நினைவுக்கு வந்து, நிறுத்தினார். தெருவைத் திரும்பிப் பார்த்தார். "லொறி அப்ப இவ்வளவு பெரிசில்லை," என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய ஒப்புதலை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

நான் இரண்டு பேரையும் வேறு வேறு நாளில் செயல்முறைப் பரீட்சைக்கு அனுப்பத்தான் ஒழுங்கு செய்தேன். இங்கே அதை ட்ரயல் என்போம். ஆனால் திகதி தருவது நானில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நாள் வந்தது, ஒரே காலை. மாற்றக் கேட்டுப் பார்த்தேன்; முடியாது என்றார்கள். அக்காவிடம் தொப்பி போடச் சொன்னேன். அவரிடம் தொப்பி போட வேண்டாம் என்றேன். அதைவிட வேறு ஒன்றும் என் மூளைக்கு எட்டவில்லை.

அக்கா கிளினிக்குக்குப் போவதாகச் சொல்லி ஓட்டோவில் வந்து இறங்கினா. அவர் வங்காலையில் ஒரு செத்தவீடு என்று சொல்லிவிட்டு வந்தார்; செத்தவீட்டுக்கு ஏற்ற மாதிரி வெள்ளை வேட்டியும் கட்டியிருந்தார். மைதானத்தில் வரிசை நின்றது. அவருக்கு வரிசை என்றால் ஒழுங்கு பார்க்காமல் இருக்க முடியாது. யார் யாருக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று முன்னாலிருந்து கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஒரு தொப்பிக்கு முன்னால் நின்றார்.

"நீர் கிளினிக்குக்கெல்லோ போறன் எண்டு சொன்னனீர்?"

அக்கா தொப்பியைக் கழற்றினா. "நீங்கள் செத்தவீட்டுக்கெல்லோ போறன் எண்டு சொன்னனீங்கள்?"

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் காரின் முன் ரயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். வெகு நேரம் பார்த்தேன்.

"அந்தக் கட்டை ரீச்சர்," என்று அவர் எனக்கு மேலே எங்கோ நின்று சொன்னது கேட்டது.

அப்போது பரிசோதகர் அக்காவின் இலக்கத்தைக் கூப்பிட்டார். அக்கா அசையவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பரிசோதகர் மறுபடியும் கூப்பிட்டார். எம்பிக்கு ஒரு அதிகாரியைக் காக்க வைப்பது தாங்காது.

"போம்," என்றார். "கூப்பிடுகினம்."

அக்கா ஏறினா. சீட்டை முன்னுக்கு இழுத்தா. கண்ணாடியைச் சரிசெய்தா. சாய்வில் நிறுத்தி எடுத்தா, கம்பங்களுக்கு நடுவே பின்னுக்கு விட்டா, வீதிக்குப் போய்த் திரும்பி வந்தா. பரிசோதகர், தமிழ் பழகி வந்த இளம் சிங்களப் பொடியன், "நல்லா ஓட்டுறீங்க அம்மா" என்றார். எம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது கோபமில்லை. கன்னிப்பேச்சுக்கு எழுந்து நின்றபோது அவர் முகம் அப்படி இருந்திருக்கும்.

பிறகு அவருடைய முறை. வேட்டியோடு ஏறினார். முன்னுக்குப் போகும்வரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. பின்னுக்கு எடுக்கையில் கழுத்தைத் திருப்பினார், உண்மை; ஆனால் திருப்பிய கழுத்து கம்பத்தைப் பார்க்கவில்லை, அக்கா நின்ற பக்கத்தைப் பார்த்தது. கம்பம் விழுந்தது. அடுத்த கம்பமும் விழுந்தது.

"ஐயா, மறுபடி வாங்க," என்றார் பரிசோதகர்.

"எழுத்தில எனக்குப் பிழையே இல்லை, தம்பி."

"ஓம் ஐயா. எழுத்து நல்லம். கம்பம்தான்."

திரும்பி வரும்போது அக்காதான் காரை ஓடினா. நான் பக்கத்தில், அவர் பின்னால், செத்தவீட்டு வேட்டியில். மன்னார்த் தீவுக்குத் திரும்புகிற பாலத்தில் ஏறியதும் கடல் காற்று காரை ஒரு பக்கமாகத் தள்ளியது. அக்கா ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடித்தா.

"உமக்கும் இந்தப் பிள்ளைதானே பழக்கினது?" என்று பின்னால் இருந்து கேட்டார்.

"ஓம்."

"எனக்கும் இவதான் பழக்கினவ. பிறகெப்பிடி?"

"நீங்கள் அவவை எங்க கதைக்க விட்டனீங்கள்?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அவர் சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் எடுத்தது. சிரித்துவிட்டு என் மேல் பாய்ந்தார். "நீர் எனக்குப் பொய் சொன்னீர். ரீச்சர் எண்டு."

"ஞாயிற்றுக்கிழமையில அக்கா மறைக்கல்வி படிப்பிக்கிறாதானே ஐயா."

அவர் அதை ஆற அமர யோசித்தார். "சரி," என்றார். "அப்ப பொய்யில்லை."

அதற்குப் பிறகு வீட்டுக் காரின் படங்கு கழன்றது. அக்கா பெரியமடுவுக்குப் போனா. போய் இரண்டு நாள் தங்கியும் வந்தா. அடுத்த தேர்தல் வந்தபோது அவர் மறுபடியும் நின்றார். கூட்டங்களுக்கு அக்காதான் கொண்டுபோய் இறக்கினா. ஒரு கூட்டத்தில் நானும் பின்வரிசையில் இருந்தேன். அவர் வழக்கம்போலக் கலாசாரத்தில் தொடங்கினார். முன்னாலிருந்த ஒரு இளந்தாரி எழுந்து, "ஐயா, பொம்பிளையள் வாகனம் ஓடினா கலாசாரம் மாறும் எண்டனீங்கள். இப்ப உங்கட வாகனத்தை ஆர் ஓடுறது?" என்று கேட்டான். கூட்டம் ஓவென்று சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்து நின்றார்.

"மாறும் எண்டுதான் சொன்னனான். மாறேல்லை எண்டு ஆராவது சொல்லுங்கோ பாப்பம்."

அதற்கு முதலில் கைதட்டியது வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்ற அக்கா. கைதட்டல் நன்றாக விழுந்தது, வாக்குகள் விழவில்லை. அவர் அந்த முறையும் தோற்றார். இரண்டாவது ட்ரயலிலும் தோற்றார். மூன்றாவதுக்குப் போகவில்லை. எனக்குக் கவலையாக இருந்தது. கடைத்தெருவில் அவரைக் கண்டால் என்ன கதைப்பது என்று தெரியாமல் மறுபக்கம் போயிருக்கிறேன்.

ஒருநாள் அவர் தானாக வந்தார். வெள்ளை வேட்டி, தொப்பி இல்லை. என் பள்ளியில் எழுத்துப் பரீட்சைக்குப் பழகுகிற பிள்ளைகள் வாங்குகளில் வரிசையாக இருந்துகொண்டு வீதிக் குறிகளைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை பிழையாகச் சொன்னது. அவர் வாசலில் நின்றபடியே திருத்தினார். அடுத்த பிள்ளையையும் திருத்தினார். நான் கதிரையை எடுத்துப் போட்டேன். இருக்காமல், சோக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் எழுத்து வகுப்பு அவருடையது. அவரிடம் படித்துப் பிழைவிட்ட பிள்ளை எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெட்டைப் பிள்ளையள் முன்வாங்கில் இருப்பார்கள். அவர்களுடைய காற்சட்டையைப் பற்றி முதல் சனிக்கிழமை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, ஹெல்மெட்டின் வார் கழன்றிருப்பதைப் பற்றிச் சொன்னார். பரீட்சைக் கேள்விகளில் ஒன்றிரண்டை மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தபோது மட்டும் கொதித்துப்போனார். பழைய கேள்வியே நல்லது என்று மேலிடத்துக்கு நீளமாக ஒரு மனு அனுப்பினார். அக்காதான் ரைப் பண்ணினா.

போன சனிக்கிழமை தாராபுரத்துப் பிள்ளை ஒன்று கையை உயர்த்தியது.

"சேர், நாலு பக்கமும் வாகனம் வாற சந்தியில நடுவில கழுதை படுத்திருந்தா ஆருக்கு முன்னுரிமை?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மன்னாரில் அது தினமும் நடக்கிற காரியம். விதிநூலை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். அதில் கழுதை இல்லை. மாடு இருந்தது, ஆடு இருந்தது, மேய்ப்பனோடு. ஆளில்லாமல் தன்பாட்டில் படுத்திருப்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"கழுதை அங்க முதல் வந்ததோ, சந்தி முதல் வந்ததோ எண்டு பாக்கோணும்," என்றார். "நான் பாத்து வந்து சொல்லுறன். இப்ப அடுத்த குறி."